பயறு சாப்பிடுதா?

தைபேக்கு அருகே, கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறும் சந்து ஒன்றில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் நாலாவது மாடியில் பீஷியா குடியிருந்தாள். வயது ஐம்பத்தாறு. பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணை இருப்பது அவள் தொழில். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழு வரை. படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைத்துவிடுவாள், ஊட்டிவிடுவாள். ஊட்டுவதில் அவளுக்குத் தனிப் பெயரே உண்டு. மூன்று நாளாகக் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்த கிழவர்கூட பீஷியாவின் கரண்டிக்கு வாயைத் திறப்பார் என்று நர்சுகள் சொல்லிக்கொள்வார்கள். எப்படி என்று கேட்டால், "அவசரப்படாம பக்கத்துல உக்காந்திருப்பேன். வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

அவள் கரண்டிக்கு மசியாமல் போனது ஒரே ஒரு ஜீவன்தான். அது அவள் மகன் வளர்த்த பச்சோந்தி.

மகன் பெயர் ஷாவ்தாங். இருபத்து மூன்று வயது. அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா சீனாவில் தொழிற்சாலை வேலை என்று போனார்; அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. பீஷியா அதைப் பற்றி யாரிடமும் அழுததில்லை. மகனைப் படிக்கவைத்தாள். அவன் கைபேசிக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தான். பிறகு, பார்சல் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்றான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனான். பார்சல் கொடுப்பதற்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அது கொடுக்கிற வேலை அல்ல, வாங்கிவருகிற வேலை என்பது போலீஸ் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு கும்பல் வயசானவர்களுக்குப் போன் செய்து, உங்கள் பெயர் ஒரு வழக்கில் இருக்கிறது, பணத்தைப் பாதுகாப்புக்காகக் கோர்ட்டில் ஒப்படையுங்கள் என்று மிரட்டும். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோர்ட்டு ஆள் மாதிரி வாசலில் போய் நின்று பண உறையை வாங்கி வருகிறவன் ஷாவ்தாங். மூன்றாவது வீட்டில் பிடிபட்டான். இரண்டு வருஷம் தண்டனை.

சிறைக்குப் போய் ஆஜராகவேண்டிய நாளன்று காலையில் அவன் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் பச்சோந்தியைப் பற்றி. விளக்கை எத்தனை மணிக்குப் போடவேண்டும், எத்தனை மணிக்கு அணைக்கவேண்டும். கிண்ணத்தில் வைத்தால் தண்ணீர் குடிக்காது. இலைகளின் மேல் தெளித்தால் சொட்டை நக்கிக் குடிக்கும். இரைக்கு வாங்கும் சில்வண்டுகளைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போடவேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினான்.

"பயறு பாவம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்க" என்றான் கடைசியாக.

வாங்கிவந்த அன்று அது முளைவிட்ட பச்சைப்பயறு மாதிரி சுருண்டிருந்ததாம். அதனால் அந்தப் பெயர். பீஷியாவுக்கு அதை முதலில் பிடிக்கவே இல்லை. உடன் வேலை செய்கிற மான்லியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"ஒரு கண்ணால என்னைப் பாக்குது, இன்னொரு கண்ணால செவுத்தப் பாக்குது. வீட்டுல பெரியவங்க இருக்காங்கங்கிற மரியாதையே கிடையாது."

"மருமக வரணும்னு வேண்டிக்கிட்டே இல்ல? வந்துட்டா. பச்சையா இருக்கா, பரவாயில்ல. எதிர்த்துப் பேச மாட்டா. குடுத்துவெச்சவடி நீ" என்றாள் மான்லி.

ஆனால் ஒரு மாதத்துக்குள் பீஷியாவின் நாள் அந்த வலைக்கூண்டைச் சுற்றித்தான் ஓடியது. விடிந்ததும் விளக்கைப் போட்டு, இலைகளில் தண்ணீர் தெளிப்பாள். பயறு கிளையிலிருந்து மெல்ல ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வைக்கும். சில்வண்டைக் கண்டால் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். நாக்கு பாய்வது தெரியாது. சில்வண்டு இருந்த இடத்தில் இல்லாமல்போவது மட்டும் தெரியும். பீஷியாவுக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் அப்போது சிரிக்க வேறு காரணம் இல்லை.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று இரண்டு பேருந்து மாறிச் சிறைக்குப் போவாள். எலும்பு எடுத்துச் சமைத்த பன்றி இறைச்சியும் கீரையும் பெட்டியில் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். அரை மணி நேரம். உள்ளே எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால் "இருக்கு" என்பான். யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் செய்ததைப் பற்றி இருவரும் பேசியதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பயறு சாப்பிடுதா?" என்று கேட்பான்.

அங்கிருந்துதான் பேச்சு பிறக்கும். நேற்று எத்தனை சில்வண்டு தின்றது, எந்தக் கிளையில் தூங்கியது, தோல் உரித்ததா, உரித்த தோலைத் தின்றதா. அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் பழைய ஷாவ்தாங் வந்து உட்காருவான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் அவ்வளவு தூரம் போனாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, சுவர் வேர்த்தது. அந்த மாதம் முதல் வாரத்தில் பயறு சாப்பிடுவதை நிறுத்தியது.

முதல் நாள் அவள் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள், சில்வண்டு முகத்துக்கு நேராக ஊர்ந்து போனது. பயறு ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. உடம்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் எழும்பியிருந்தன. எப்போதும் மேல் கிளையில் இருப்பது கீழே இறங்கி, கூண்டின் தரையில் விரித்திருந்த செய்தித்தாளை மூலையில் போய்ப் பறண்டியது. கிழிந்த காகிதத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டுதான். அதையும் பறண்டியது.

"எங்கடி போகணும் உனக்கு? வெளிய மழை கொட்டுது" என்று பீஷியா அதைத் தூக்கி மறுபடி கிளையில் வைத்தாள். அது மறுபடி இறங்கியது.

அந்த வியாழக்கிழமை கண்ணாடிக்கு அப்பால் ஷாவ்தாங் மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருமை. போனை எடுத்ததும் கேட்டான்.

"பயறு சாப்பிடுதா?"

"சாப்பிடுது. நேத்துக்கூட அஞ்சு. லபக்கு லபக்குன்னு" என்றாள் பீஷியா.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மருத்துவமனையில் இப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். 'அப்பா நல்லா சாப்பிட்டாரு, நிம்மதியா தூங்குங்க.' அதில் என்ன தப்பு? உள்ளே இருக்கிறவன் கவலைப்பட்டு என்ன செய்யமுடியும்? நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

சரியாகவில்லை. சந்து முனையில் நாய் பூனை பார்க்கும் மருத்துவரிடம் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். இளைஞர், நல்லவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஆன்ட்டி, உள்ளதச் சொல்றேன், இதுல எனக்குப் பழக்கமில்ல. தைபேல இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. இப்போதைக்கு வைட்டமின் தரேன். சாப்பிடலைன்னா சிரிஞ்சுல ஊட்டிப் பாருங்க."

ஊட்டுவது. அது அவள் வேலைதானே? தைபே பேச்சு அவள் காதில் விழவில்லை, சிரிஞ்சு மட்டும் விழுந்தது. தூள் உணவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, பயறின் வாயோரம் கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் திறந்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். அது வாயை அகலத் திறந்து அவளைப் பார்த்துச் சீறியது. உடம்பு கறுத்தது. பாதி உள்ளே போனது, பாதி வெளியே வழிந்தது. வயிறு வீங்கியிருப்பதைப் பார்த்து, உணவு தங்குகிறது என்று சந்தோஷப்பட்டாள். தினமும் இரண்டு வேளை ஊட்டினாள். பயறின் கைகள் அவள் விரலைப் பற்றித் தள்ளும். குழந்தையின் கையுறை மாதிரி இரண்டாகப் பிளந்த அந்தச் சின்னக் கைகளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

இரண்டாவது வியாழனும் பொய் சொன்னாள். இம்முறை எண்ணிக்கையைக் கூட்டினாள்.

மூன்றாவது வியாழன் அவன் வேறு கேள்வி கேட்டான்.

"பெருசாயிருக்குமே இப்ப. கலர் எப்படி இருக்கு?"

அதற்குப் பொய் அவளிடம் தயாராக இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டாள்.

"பச்சைதான். நீலமாவும் மஞ்சளாவும் புள்ளி புள்ளியா வந்திருக்கு."

ஷாவ்தாங் நிமிர்ந்தான். "எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"அம்மா, அது கீழ இறங்குதா? தரையப் பறண்டுதா?"

அவள் மடியிலிருந்த பையின் காதைத் திருகினாள்.

"ம்மா. சாப்பிடுதா இல்லையா?"

"இல்லடா."

"எப்பலேருந்து இல்ல?"

"மூணு வாரமா."

அவன் எழுந்துவிட்டான். போனின் கம்பி இழுபட்டது. பின்னால் நின்ற காவலர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான்.

"அது நோவு இல்லம்மா. முட்டை. வயித்துல முட்டை இருக்கு."

"ஆண் துணையே இல்லாம எப்படிடா?"

"கோழி போடலையா? அது மாதிரிதான். குழி பறிச்சுப் புதைக்க மண்ணு வேணும். மண்ணு இல்லைன்னா அடக்கி வெச்சுக்கும். அடக்கிவெச்சா செத்துடும். ஏம்மா சொல்லல?"

"நீ கவலைப்படுவேன்னு..."

"நான் தாள்ல எழுதாம விட்டுட்டேன்" என்றான் அவன், அவள் சொன்னதைக் கேட்காதவன்போல. "அப்ப அது சின்னதா இருந்துச்சு. தோணவே இல்ல எனக்கு."

மீதி இருந்த பத்து நிமிஷத்தில் மடமடவென்று சொன்னான். ஒரு வாளி. முழங்கை வரை ஆழத்துக்கு மணல், கடல் மணல் கூடாது. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கிற அளவுக்கு ஈரம். கூண்டுக்குள் வை. கூண்டைச் சுற்றித் துணியைப் போட்டு மூடு.

"மூடிட்டு நீ பாக்கக்கூடாது. யாராவது பாக்குறாங்கன்னு தெரிஞ்சா தோண்டறத நிறுத்திடும். எத்தன நாளானாலும் பாக்காதம்மா. தண்ணி மட்டும் மேலேருந்து தெளி."

"சாப்பாடு?"

"ஊட்டாத. தயவுசெஞ்சு ஊட்டாத."

அதுவரை ஊட்டினதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் இரண்டு மூட்டை ஆற்று மணல் கேட்டு வாங்கினாள். நாலு மாடி, இரண்டு நடை. குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கலங்கல் போகும்வரை அலசினாள். மணலைக் கையில் பிடித்துப் பார்த்தாள். நின்றது. கூண்டுக்குள் வாளியை வைத்து, மகன் அறையின் பழைய திரைச்சீலையை எடுத்துச் சுற்றிக் கட்டினாள். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, இடுப்பு நிமிரவில்லை.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷமாக நோயாளியின் முகத்தைப் பார்த்தே பிழைத்தவள். மூச்சு மாறினால், உதடு காய்ந்தால், கண் இமை துடித்தால் அவளுக்குத் தெரியும். இப்போது சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சரக் சரக் என்ற சத்தத்தை மட்டும் கேட்டாள். தோண்டுகிறது. நிறுத்துகிறது. மறுபடி தோண்டுகிறது. அன்றும் மறுநாளும் அப்படியே போனது.

மூன்றாம் நாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது சத்தமே இல்லை. காலணியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். ஒன்றுமில்லை. செத்துவிட்டதோ? ஒரு நொடி, ஒரே நொடி, என்று சொல்லிக்கொண்டு திரையின் ஓரத்தை விரல் நுழையும் அளவுக்கு விலக்கினாள்.

பயறு குழிக்குள் இருந்தது. வாலும் பின்னங்காலும் மட்டும் வெளியே தெரிந்தன. மெல்லப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தது. முகமெல்லாம் மணல். ஒரு கண் சுழன்று அவள் மேல் நின்றது. அவள் திரையை விட்டுவிட்டாள். அதற்குள் அது குழியை விட்டு, தள்ளாடித் தள்ளாடிக் கிளையில் ஏறும் சத்தம் கேட்டது.

பீஷியா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஒரு பையில் மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு மான்லி வீட்டுக்குப் போனாள்.

"என்னடி, மருமக வீட்ட விட்டுத் துரத்திட்டாளா?" என்றாள் மான்லி கதவைத் திறந்து. பிறகு இவள் முகத்தைப் பார்த்து, "உள்ள வா. சூப் இருக்கு" என்றாள்.

"என்னால பாக்காம இருக்க முடியல மான்லி. என்னை இங்க வெச்சுப் பூட்டு."

"சரி, பூட்டறேன். மொதல்ல குடி."

இரண்டு நாள் அங்கேயே தங்கி வேலைக்குப் போய்வந்தாள். தண்ணீர் தெளிக்க மட்டும் மான்லி போனாள், கண்ணை மூடிக்கொண்டுதான் தெளித்தேன் என்று சத்தியம் செய்தாள்.

மூன்றாம் நாள் பீஷியா வீட்டுக்குத் திரும்பி, வெகுநேரம் நின்று, திரையை விலக்கினாள். வாளியின் மணல் தட்டிச் சமன்செய்தது போல இருந்தது. குழி இருந்த தடயமே இல்லை. பயறு வாளியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக் கிடந்தது. வயிறு ஒட்டி, விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. நிறம் வெளிறியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. தண்ணீர் தெளித்தாள். நாக்கு வெளியே வந்து சொட்டை நக்கியது. மறுநாள் ஒரு சில்வண்டைத் தின்றது. ஒன்றே ஒன்று. பீஷியா மான்லிக்குப் போன் செய்து, "சாப்பிட்டுச்சுடி, சாப்பிட்டுச்சு" என்று கத்தினாள்.

மணலைத் தோண்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாக, தோலுரித்த வேர்க்கடலைப் பருமனில் முட்டைகள். பதினெட்டு இருந்தன. இதெல்லாம் பொரியாத முட்டை என்று ஷாவ்தாங் சொல்லியிருந்தான். இருந்தாலும் எறிய மனம் வரவில்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

அதற்கு மறுநாள் பகலில், விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே பயறு கண்ணை மூடியது. பகலில் கண் மூடினால் நல்லதில்லை என்று தாளில் எழுதியிருந்தான். அவள் வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு, பயறைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தைபேக்கு ரயில் ஏறினாள். அங்கிருந்த மருத்துவர் நடுவயதுப் பெண். எக்ஸ்ரே படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாதிதான் போட்டிருக்கு. மீதி உள்ளேயே தங்கி அழுகியிருக்கு. ஆபரேஷன் பண்ணணும், ஆனா இப்ப இருக்கற பலத்துல தாங்காது. ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பீஷியா தலையாட்டினாள். இப்படிப் பாதியில் நிற்கும் வாக்கியங்களை அவள் பணியில் நிறையக் கேட்டிருக்கிறாள். தன்னிடம் ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. வலி தெரியாமலிருக்க ஒரு ஊசி போட்டார்கள். திரும்பி வரும் ரயிலில், பாதி வழியில், துவாலைக்குள் அந்தச் சின்னக் கை அவள் விரலை விட்டது.

வியாழக்கிழமை அவள் போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். போனாள். அவன் போனை எடுத்ததும், அவன் கேட்பதற்குள் சொன்னாள்.

"பயறு போயிடுச்சுடா. நான் சிரிஞ்சுல ஊட்டினேன், ரெண்டு வாரம். நீ வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி. அப்புறம் திரைய விலக்கியும் பாத்துட்டேன். எல்லாம் நான்தான்."

அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அவளும் வைத்திருந்தாள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. நேரம் முடிந்து மணி அடித்தபோது, "மூணு வாரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. கைதி சந்திக்க விரும்பவில்லை என்று ஜன்னலில் இருந்த பெண் சொன்னாள். பீஷியா இறைச்சிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அதற்கு அடுத்த வியாழனும் அப்படியே. மான்லி கோபப்பட்டாள்.

"ஒரு ஓணானுக்காகப் பெத்தவளப் பாக்கமாட்டேங்கிறானா? போகாத நீ. தானா கூப்பிடுவான்."

"ஓணானுக்காக இல்ல. பொய் சொன்னேன்ல. அவன் சொன்ன பொய்ய நான் நம்பினேன், நான் சொன்னத அவன் நம்பினான். ரெண்டு பேருக்கும் இப்ப எதை நம்பறதுன்னு தெரியல" என்றாள் பீஷியா.

ஐந்தாவது வாரம் அவன் வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உட்கார்ந்து போனை எடுத்தான். மழையைப் பற்றி அவள் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஐந்து நிமிஷம் போயிற்று. பிறகு அவள், இத்தனை மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அந்த மூணாவது வீட்டுல யாருடா இருந்தாங்க?"

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான்.

"ஒரு பாட்டிம்மா. தனியா இருந்தாங்க. உறைய எடுத்து வெச்சுட்டு எனக்காகக் காத்திருந்தாங்க. வெயில்ல வந்திருக்கேன்னு உக்காரச் சொல்லி, கொய்யாப்பழம் நறுக்கிக் குடுத்தாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அவன் அழ ஆரம்பித்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்துக் கண்ணாடியில் பேசிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பீஷியாவுக்கு, 'பரவாயில்லடா, எல்லாம் சரியாயிடும்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை வராந்தாக்களில் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை. அவள் அதைச் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க பேரு தெரியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியும்."

"சொல்லு."

சொன்னான். மணி அடித்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, அந்தப் பெயரை மறந்துவிடக் கூடாதே என்று பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். போய்ப் பார்ப்பதா, பார்த்தால் என்ன சொல்வது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. பேருந்து நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது.